காக்காவின் காதில் சந்தனம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து மழைக்குப் பிறகு வரம்பில் மாடு நடந்துபோன தடம் மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பிழை கண்டால் நீங்களே திருத்திக்கொண்டு மேலே போங்கள். என் மனைவி பக்கத்தில் தையல் மெசினில் இருக்கிறாள். ஒரு பக்கம் முடிந்ததும் கொப்பியை இழுத்து வாசித்துவிட்டுத் தருகிறாள். முன் சீட்டில் பொலிஸ்காரரை வைத்துக்கொண்டு வாகனம் பழகுவது போல இருக்கிறது எனக்கு.

நான் எழுத வந்தது என் ஜீப்பைத் திருத்திய ஒருவரைப் பற்றி. அவர் காத்தான்குடி ஆள். எங்கள் ஊர்ச் சந்தியில் கராஜ் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்று கூப்பிடுவோம், அண்ணன் என்பது போல. எனக்கு அவர் காக்கா. பெயரை எழுதமாட்டேன். அவர் கட்டாருக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. பெயரைப் போட்டால் பழைய வாகனம் வைத்திருக்கிறவர்கள் அங்கேயும் போன் எடுத்து அவரைத் தூங்கவிடமாட்டார்கள்.

அவரைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். வாகனம் நின்றால் அவர் சிரிப்பார்.

சும்மா பல்லைக் காட்டும் சிரிப்பு அல்ல. முதலில் மூக்கால் ஒரு காற்று வரும். பிறகு தோள் ஆடும். பிறகு வயிறு. கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்து, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்று எங்கேயாவது குந்திவிடுவார். வாகனக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். இவர் லொத்தர் விழுந்தவர் போல இருப்பார். பிழை எவ்வளவு சிக்கலோ சிரிப்பும் அவ்வளவு பெரிது. சில்லில் காற்றுப் போனால் சிரிக்கமாட்டார். அது அவருக்குச் சப்பென்று இருக்கும்.

என் ஜீப் என்னைவிட மூன்று வயது மூத்தது. பெற்றோல் எஞ்சின், பழைய காபரேட்டர். நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்கு அப்பால் காட்டு ஓரத்தில் இருக்கிற மாட்டுப்பட்டிகளில் இருந்து தயிர்ச் சட்டி ஏற்றிக்கொண்டு வருவதுதான் என் தொழில். சேறு, பள்ளம், வாய்க்கால் எல்லாம் தாண்டும் அந்த ஜீப். ஆனால் ஒருநாள் அறுபது சட்டித் தயிரோடு வட்டையின் நட்டநடுவில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் வரும். நூறு யார் தூரம் ஓடும். மறுபடி இருமி இருமி நிற்கும். வெயில் ஏற ஏற எனக்கு அழுகை வந்தது.

காக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காபரேட்டரை ஸ்பானரால் தட்டிக்கொண்டிருந்தேன்.

"மறுகா ஸ்டார்ட் வருதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் விட்டா வருது காக்கா. பிறகு நிக்குது."

மூக்கால் காற்று வந்தது. தோள் ஆடியது. "ஒளிச்சு விளையாடுறான்டா மனே! தேடினா ஒளிப்பான். பேசாம இருந்தா எட்டிப் பாப்பான். இவன் நல்ல கள்ளன்!"

அவருக்குப் பிழை என்றால் ஒளிந்திருக்கும் ஒருவன். அதனால்தான் அந்தச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருப்பவனின் காலைக் கண்டுவிட்டுச் சிரிக்குமே, அதே சிரிப்பு.

"பொனட்ட மூடு" என்றார். "அந்தக் காபரேட்டருக்கு அடிக்காத, பாவம். அவன் பந்தியில கடைசியில குந்தியிருக்கிறவன். குசினியில இருந்து சோறு வரல்லெண்டா அவன் என்ன செய்யிற? எல்லாரும் அவனத்தான் போட்டு அடிக்கிறீங்க."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய் டாங்கியின் வாயைப் பார்த்தார். அங்கே மூடி இல்லை. மூடி தொலைந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. நான் ஒரு தேக்கிலையைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தேன். காக்கா அந்த இலையை இரண்டு விரலால் இழுத்து எடுத்து, குருவிக்கூட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதில் ஒரு துண்டு இல்லை.

"ஸ்டார்ட் எடு" என்றார். காதை டாங்கி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். எஞ்சின் ஓடியது, இருமியது, நின்றது. நின்ற உடனே உள்ளே ஏதோ விலகி விழுந்த சத்தம் கேட்டதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கம்பியை வளைத்து உள்ளே விட்டு, கறுத்துப்போன தேக்கிலைத் துண்டு ஒன்றைத் தூக்கினார். எஞ்சின் பெற்றோலை இழுக்கும்போது அது போய்ப் பைப்பின் வாயை அடைக்கும். எஞ்சின் நின்றால் கழன்று விழும். மறுபடி ஸ்டார்ட் வரும். மறுபடி அடைக்கும்.

வரம்பில் குந்திச் சிரித்தார் காக்கா. பக்கத்து வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலம் என்று எனக்கு அப்போது நினைவு வரவில்லை. கூலிக்குப் பதிலாக ஒரு சட்டித் தயிரை அங்கேயே கையால் அள்ளித் தின்றுவிட்டுப் போனார். அடுத்த நாள் புளியந்தீவில் பழைய சாமான் கடையில் தேடி ஒரு மூடி வாங்கிவந்து அவரே பூட்டியும் விட்டார்.

அன்றைக்குத்தான் அவர் வேலை செய்யும் ஒழுங்கை நான் கண்டது. எந்த வாகனம் வந்தாலும் அவர் தொடங்கும் இடம் டாங்கி. மூடியைத் திறப்பார், காதை வைப்பார், கண்ணை மூடுவார். அதன்பிறகு பைப், பில்டர், பம்பி. கடைசியில்தான் காபரேட்டர். வான் வைத்திருந்த முதலாளி ஒருவர், "காபரேட்டரத்தான் பாக்கணும், எனக்குத் தெரியும்" என்று கராஜில் சத்தம் போட்டார். காக்கா அசையவில்லை. "அவனுக்கு நான்தான் வக்கீல். அவன்ட வழக்கு கடைசியிலதான் எடுபடும்" என்றுவிட்டு டாங்கிக்குப் போனார். நான் பார்த்தவரையில் அந்த ஒழுங்கை அவர் மாற்றியது கிடையாது.

சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரித்துவிடுவார். அதனால் வந்த தொல்லை கொஞ்சமல்ல. மாமியார் வீட்டு விருந்தில், எல்லாரும் கை கழுவ நிற்கும் நேரத்தில் தண்ணீர் மோட்டர் நின்றுபோக, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மனைவி ஒரு கிழமை கதைக்கவில்லை. இன்னொரு நாள் ஒரு பெரிய உத்தியோகத்தரின் ஜீப் சந்தியில் நின்றுவிட்டது. கூட்டத்துக்குப் போகிற அவசரம் அவருக்கு. காக்கா சிரிக்க, அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னப் பாத்தா உனக்குச் சிரிப்பா இரிக்கா?"

"உங்களப் பாத்து இல்ல சேர். ஒளிச்சிரிக்கிறவனப் பாத்து."

"ஆர் ஒளிச்சிருக்கிற?"

"இரிங்க, காட்டுறன்."

டாங்கி சரி. பைப்பில் கையை வைத்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் விரலைச் சுட்டுக்கொண்டு துள்ளினார். டிரைவர் புதிதாகப் போட்ட றப்பர் பைப் நீளம் கூடி, புகைக் குழாயில் சாய்ந்து கிடந்தது. உள்ளே பெற்றோல் கொதித்து ஆவியாகி வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஈரச் சாக்கைப் போட்டுக் குளிரவைத்து, பைப்பை வெட்டிக் கட்டினார். "உங்கட பெற்றோல் தேத்தண்ணி போடுற சூட்டில நிண்டிருக்கு சேர்" என்றார். உத்தியோகத்தர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. போகும்போது அவரும் தோளை ஆட்டிக்கொண்டுதான் போனார்.

இனி என் வெட்கத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எனக்கு நாற்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. பெண்கள் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். களுதாவளையில் தையல் தைக்கும் ஒரு பெண்ணை அக்கா பேசிவைத்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. முதல் பேசின மாப்பிள்ளை கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவன். போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள் அக்கா. போனேன். அவள் வீட்டு ஒழுங்கை முனை வரைக்கும், அந்தச் சின்னத் தெரு தொடங்கும் இடம் வரைக்கும் போனேன். அங்கே நெஞ்சு அடித்த அடியில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் "ஜீப் நிண்டுட்டு" என்றேன். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரமும் அப்படியே.

மூன்றாம் தரம் அக்கா ஆத்திரத்தில் ஜீப்பைக் கராஜுக்கு அனுப்பினாள். காக்கா டாங்கி வாயில் காதை வைத்தார். பைப்பை ஊதினார். பம்பியைக் கழற்றிப் பூட்டினார். காபரேட்டரின் ஊசி வரைக்கும் போனார். அரை நாள் தேடினார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

மூக்கால் காற்று வந்தது.

"டேய்... இவன் ஜீப்புக்குள்ள இல்ல. சீட்டில இரிக்கான்!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் பிடித்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். ஆனால் அதை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. அக்கா வந்து கேட்டபோது, "பில்டர் அடைச்சிருந்தது" என்றார். காக்கா ஒரு வாகனத்தைப் பற்றிப் பொய் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு பிள்ளையார் கோயிலில் வைத்து அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தேன். "கதைக்காத மனிசன் எண்டா நல்லம், எங்கட வீட்டில எல்லாரும் கதைக்கிற ஆக்கள்தான்" என்று சம்மதம் சொல்லி அனுப்பினாள். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "கலியாணத்துக்கு அந்த ஜீப்பில மட்டும் வர வேணாமெண்டு சொல்லுங்க."

எனக்கு அது குத்தியது. பாவம், அந்த ஜீப் ஒரு குற்றமும் செய்யவில்லையே. வான் பிடிப்போம் என்று அத்தான் சொன்னார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடிவாதம் பிடித்தேன். ஜீப்பில்தான் போவேன், நானேதான் ஓட்டுவேன் என்றேன்.

கலியாண நாள் காலை அக்கா ஜீப்புக்கு முன்னால் தேங்காய் உடைத்தாள். ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். தம்பிக்கு நாற்பத்திரண்டு வயதில் கலியாணம் என்ற சந்தோசம் எல்லாம் அவள் கையில் இருந்தது. பொனட்டில், லைட்டில், ஸ்டியரிங்கில், சில்லுகளில் அள்ளி அள்ளி அப்பினாள். டாங்கி மூடியில், "இது சோறு தின்னுற வாய்" என்று சொல்லி ஒரு பிடி கூடவே வைத்து, அதன் மேல் ஒரு செவ்வரத்தம்பூவையும் ஒட்டிவிட்டாள். காக்கா வெள்ளைச் சாரம் உடுத்துத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாங்கள் ஏறிவிட்டோம். அவர் முன்னால் என் பக்கத்தில். பின்னால் அக்கா, அத்தான், கூறைத்தட்டு, குரவை போட மூன்று மாமிமார். நல்ல நேரம் பத்தரை வரைக்கும். அரை மணித்தியாலப் பயணம். ஒன்பது மணிக்கே வெளிக்கிட்டோம்.

வட்டை நடுவில் ஜீப் இருமியது. நின்றது.

அக்கா மெதுவாக, "தம்பி, இண்டைக்கும் திருப்பப் போறியா?" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"இல்ல அக்கா! சத்தியமா நிண்டுட்டு!"

"நீங்க இரிங்க" என்று காக்கா இறங்கிப் பின்பக்கம் போனார். ஒன்றுக்குப் போகிறாராக்கும் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வரும்போது தோள் ஆடிக்கொண்டிருந்தது. இடது காதில் மஞ்சளாகச் சந்தனம். மாமி ஒருத்தி, "காக்காவுக்கும் ஆரோ சந்தனம் வெச்சிட்டாங்க!" என்று கத்த, ஜீப்பே சிரித்தது. அக்கா அப்பிய அப்பில் எங்கள் எல்லார் உடுப்பிலும் சந்தனம்தான். காக்கா துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு மனே. தானா வரும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது. மாமிமார் குரவை போட்டார்கள். குலுங்கிக் குலுங்கி ஓடினோம். பட்டிருப்புப் பாலத்தில் ஏறினோம். நடுப் பாலத்தில் மறுபடி இருமியது. நின்றது.

பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. கீழே வாவியில் தோணியில் நின்று வலை இழுத்த இரண்டு பேர் மேலே பார்த்தார்கள். "காபரேட்டருக்கு ரெண்டு தட்டுத் தட்டுங்கோ!" என்று ஒருவன் புத்தி சொன்னான். அப்போது அக்காவின் போன் அடித்தது. பார்த்துவிட்டு, சுட்டது போல அதை என் கையில் வைத்தாள். "பொண்ணுதான். நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா."

காதில் வைத்தேன்.

"எங்க நிக்கிறீங்க?" என்றாள்.

"பா... பாலத்தில."

"ஜீப் நிண்டுட்டோ?"

"ஓம்."

பிறகு கேட்டாள். "உண்மையா நிண்டுட்டா, நீங்க நிப்பாட்டினீங்களா?"

அதே நேரம் காக்கா பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குக் கேட்டுவிட்டது. "ஆர் சிரிக்கிற? என்ட கலியாணம் உங்களுக்குப் பகிடியா?" அவள் குரல் உடைந்தது. முதல் மாப்பிள்ளை வரவில்லை, இவனும் வரவில்லை என்று ஊர் சொல்லப்போகிறதே என்று நினைத்தேன். இவள் போனை வைத்தால் இனி எடுக்கமாட்டாள் என்று மட்டும் விளங்கியது.

"வெச்சிராதங்க!" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது காக்கா. பிழை எங்கயெண்டு தேடக்குள்ள அவருக்குச் சிரிப்பு வரும். இப்ப... இப்ப காபரேட்டரப் பாக்கிறார்."

"சொல்லு, சொல்லு" என்று காக்கா கண்ணைக் காட்டினார். "ஆக்சிலேட்டர மிதிச்சா உள்ள பெற்றோல் பாயல்ல. காஞ்சி கிடக்கு. அவன் நிரபராதியெண்டு சொல்லு."

"காபரேட்டருக்குள்ள பெற்றோல் வந்து சேரல்லயாம். அதில பிழை இல்லயாம்."

"பிறகு?" என்றாள். குரலில் இருந்த அழுகை கொஞ்சம் நின்றது போல இருந்தது.

"இப்ப பம்பி. பைப்பக் கழட்டிப் போட்டு வாயில விரல வெச்சிருக்கிறார். அத்தான் எஞ்சினச் சுத்துறார். விரலை இழுக்குதாம். அப்ப பம்பி நல்லம்."

"சரி. மறுகா?"

"டாங்கியில இருந்து வாற பைப்ப வாயால உறிஞ்சுறார்..."

காக்கா உறிஞ்சினார். கன்னம் இரண்டும் ஒட்டிக் கண் பிதுங்கியது. வாயை எடுத்துவிட்டுப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். "நான் இழுக்கிறன்... அங்கால இருந்தும் ஒருத்தன் இழுக்கிறான்டா மனே!" கண்ணீர் கன்னத்தில் ஓடியது. வெள்ளைச் சாரத்தில் பெற்றோல்.

அதையும் சொன்னேன். அவள் யோசித்தாள். பின்னால் நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது.

"மெசினில நூல் வராட்டி ஊசிய மாத்திப் பிரயோசனம் இல்ல" என்றாள். "நூலை இழுத்தா இறுக்கமா இருக்கெண்டா மேல நூல்கட்டை சுத்தல்ல. கட்டையப் பாக்கச் சொல்லுங்க."

காக்காவிடம் சொன்னேன். அவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "மாஷா அல்லாஹ்! மெக்கானிக் பாஸ் பொண்ணு வீட்டில இரிக்கி, நான் இஞ்ச பாலத்தில இரிக்கன்!"

அவள் சிரித்தாள். முதல் தடவையாக அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். உடனே அடுத்ததைக் கேட்டாள். "முந்தி மூணு தரம் நிண்டதே, அப்ப எங்க பிழை?"

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அக்கா பார்க்கிறாள். மாமிமார் பார்க்கிறார்கள். கீழே தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். காக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அப்ப ஜீப் நிக்கல்ல" என்றேன். "நான்தான் பயத்தில நிப்பாட்டின. ஒழுங்கை மட்டும் வந்து திரும்பிப் போன. ஜீப்பில ஒரு பிழையும் இல்ல. இண்டைக்கு வரத்தான் வெளிக்கிட்ட. இண்டைக்கு உண்மையா நிண்டுட்டு."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "மூணு தரமும் மதிலுக்குள்ளால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இத நீங்க ஒருநாளைக்குச் சொல்லுவீங்களோ எண்டுதான் எனக்கு யோசினை. சரி, கெதியா அந்தக் கட்டையப் பாருங்க. மணி பத்தாகுது."

காக்கா எழும்பிச் சாரத்தைத் தட்டினார். "இனி டாங்கியப் பாப்பம்" என்றார். மூடிக்குக் கிட்டப் போனதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாப்பிள, நீ திற."

செவ்வரத்தம்பூவைப் பிய்த்தேன். காய்ந்து சீமெந்தாகிக் கிடந்த சந்தனத்தோடு மூடியைத் திருகினேன். முதலில் அசையவில்லை. பிறகு, ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஜீப் நீளமாக மூச்சு இழுத்தது. மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. அதனால்தான் டாங்கிக்குக் காற்றுப் போகும். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. நின்றால் விளிம்பால் கொஞ்சம் காற்றுக் கசிந்து மறுபடி ஸ்டார்ட் வரும். அந்தத் துளையை அக்காவின் சந்தோசம் அடைத்துவிட்டிருந்தது.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, நானா செஞ்ச?"

"நல்ல சந்தனம் அக்கா" என்றார் காக்கா. "வேற ஆள் வெச்சிருந்தா ஒழுகியிருக்கும்." அவளுடைய சேலையில் குத்தியிருந்த ஊசியை வாங்கித் துளையைக் குத்திவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பைப்புகளைப் பூட்டினார். ஸ்டார்ட் எடுத்தேன். ஒரே அடியில் வந்தது. மாமிமார் போட்ட குரவையில் தோணிக்காரர்களும் கூவினார்கள். பஸ்காரன் ஹோர்னை நீளமாக அடித்தான், இந்த முறை கோபத்தில் அல்ல. போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. "கேட்டுது, கேட்டுது, வாங்க!" என்று அவள் கத்தினாள்.

பத்தே காலுக்குப் போய் இறங்கினோம். தாலி கட்டும்போது என் விரலெல்லாம் கறுப்பு. பக்கத்தில் குந்தினவள் மூக்கைச் சுருக்கி, "பெற்றோல் மணக்குது" என்றாள். "ஓம்" என்றேன். பிறகு, அவள் கேட்காமலே, "கையக் கழுவினனான், போகுதில்ல" என்றும் சொன்னேன்.

அடுத்த வருடம் மருமகன் கூப்பிட்டுக் காக்கா கட்டாருக்குப் போனார். அங்கே மணலில் ஓட்டுவதற்குப் பழைய ஜீப்புகளை ஆசையாக வைத்திருக்கும் அறபிகள் இருக்கிறார்களாம். அவர்களுக்கு நடுவில் நின்றும் இப்படித்தான் சிரிப்பாராக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மனைவி கொப்பியை முதலில் இருந்து வாசித்தாள். பிறகு மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "காக்கா எப்பவும் டாங்கியிலதான் தொடங்குவாரெண்டு எழுதியிருக்கிறீங்க."

"ஓம். ஒருநாளும் மாத்தமாட்டார்."

"அண்டைக்குப் பாலத்தில ஏன் காபரேட்டரில தொடங்கின?"

நான் பேனையை வைத்துவிட்டேன். அவள் இரண்டு பக்கம் பின்னால் தட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். இடது காதில் மஞ்சளாகச் சந்தனம்.

"வட்டையில நிண்ட உடனேயே மனிசன் மூடியில காதை வெச்சுப் பாத்திட்டார்" என்றாள்.

ஒன்பது வருடம். நானே எழுதி, நானே விளங்காமல் இருந்திருக்கிறேன். ஒரு ஊசி போதும் என்று தெரிந்துகொண்டு, வெள்ளைச் சாரத்தில் பெற்றோலை ஊற்றிக்கொண்டு, நான் அவளோடு கதைக்கட்டும் என்றே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, "சொல்லு, சொல்லு" என்று அந்த மனிதர் நின்றிருக்கிறார்.

இரவுக்குள் கேட்காமல் இருக்க முடியவில்லை. போனில் குரல் பதிவு செய்து அனுப்பினேன். இப்போது எனக்குக் கதைக்க வருகிறது. "காக்கா, வட்டையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்று அவ்வளவுதான் கேட்டேன்.

இன்று காலை பதில் வந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட. நானும் மனைவியும் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். ஒரு சொல் இல்லை. முதலில் மூக்கால் ஒரு காற்று வந்தது. பிறகு, தோள் ஆடுவதும் எங்களுக்குக் கேட்டது.

ஐப்பசி ஒன்பது, திங்கட்கிழமை.